ஸ்வீடன் கால்பந்தின் முதல் தலைமுறை, 1908 முதல் 1924 வரை: யாரை நினைவில் வைக்க வேண்டும்?

பனிக்காலப் பந்து (இழையைத் தொடங்கியவர்)

2014 செப்டம்பர் 4 அன்று எஸ்டோனியாவுக்கு எதிராக ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் இரண்டு கோல் அடித்து, ஸ்வீடனுக்காகத் தன் 50-வது கோலைத் தொட்டார். அன்றைக்குச் செய்திகளில் ஒரு பழைய பெயர் வந்துபோனது. ஸ்வென் ரைடெல், 43 ஆட்டங்களில் 49 கோல். 1932-ல் அவர் ஓய்வு பெற்றதிலிருந்து எண்பது வருடத்துக்கு மேல் யாரும் தொடாத சாதனை அது. மறுநாளே அந்தப் பெயர் காணாமல் போய்விட்டது. எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது. ரைடெலாவது ஒரு நாள் நினைவுகூரப்பட்டார். அவருக்கு முன்னால் ஆடியவர்களுக்கு அந்த ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை.

அதனால்தான் இந்த இழை. 1908 முதல் 1924 வரை ஸ்வீடனுக்கு ஆடியவர்களைப் பற்றி மட்டும் பேசுவோம்.

முதல் சர்வதேச ஆட்டம் 1908 ஜூலை 12, கோதன்பர்க்கில், நார்வேக்கு எதிராக. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே நார்வே கோல் போட்டுவிட்டது. ஒரு தேசிய அணி பிறந்த சில நொடிகளில் பின்தங்கிப்போன கதை இது. அதற்குப் பதில் சொன்னவர் ஓர்கிரீட்டே கிளப்பின் குஸ்தாஃப் பெர்க்ஸ்ட்ரோம். ஸ்வீடன் தேசிய அணியின் முதல் கோல் அவருடையது. முடிவு 11–3, ஸ்வீடனுக்கு வெற்றி.

மூன்று மாதம் கழித்து அதே அணி லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனது. அக்டோபர் 20 அன்று பிரிட்டனிடம் 12–1 என்று தோற்றது. இன்றுவரை ஸ்வீடனின் மோசமான தோல்வி அதுதான். அந்த ஒற்றைக் கோலும் பெர்க்ஸ்ட்ரோம் அடித்தது.

இந்த 12–1 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து ஆட்டக்காரர்களை "ஏதோ பொழுதுபோக்குக்கு ஆடியவர்கள்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 12–1 வாங்கிய அணி 16 வருடத்தில் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கியது. நடுவில் என்ன நடந்தது, யார் நடத்தினார்கள் என்பதுதான் என் கேள்வி. உங்கள் பார்வையில் அந்த தலைமுறையின் முக்கியமான ஆட்டக்காரர் யார்? பெயரோடு காரணமும் சொல்லுங்கள்.

---

கோதன்பர்க்வாசி

நல்ல இழை. நான் இருக்கும் ஊரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தக் கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நகரின் நடுவில் ஹேடன் என்று ஒரு பெரிய திறந்த மைதானம் உண்டு. கோடையில் கோதியா கோப்பை நடக்கும்போது உலகம் முழுக்கவிருந்து வந்த பிள்ளைகள் அங்கே ஆடுவார்கள். 1892 மே 22 அன்று அதே ஹேடனில்தான், கால்பந்துச் சங்க விதிகளின்படி ஸ்வீடனில் நடந்த முதல் ஆட்டம். ஓர்கிரீட்டே 1–0 என்று வென்றது. அந்த ஆரம்ப ஓர்கிரீட்டே அணியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆடினார்கள். இங்கிருந்த திரைச்சீலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்க வந்தவர்கள் அவர்கள். கப்பலும் நெசவும் கொண்டுவந்த விளையாட்டு என்று தாராளமாகச் சொல்லலாம். 1896-ல் முதல் ஸ்வீடன் சாம்பியன் பட்டமும் ஓர்கிரீட்டேவுக்குத்தான்.

அதனால் 1908-ல் தேசிய அணி என்று ஒன்று அமைந்தபோது கோதன்பர்க் கிளப்புகளின் கை ஓங்கியிருந்ததில் ஆச்சரியமில்லை. ஓர்கிரீட்டேவின் பெர்க்ஸ்ட்ரோம், ஐஎஃப்கே கோதன்பர்க்கின் கோல்கீப்பர் ஊவே எரிக்சன், வால்டர் லிடேன், ஆர்விட் ஃபாக்ரெல் எல்லாம் இந்த ஊர் ஆட்கள். ஸ்டாக்ஹோமிலிருந்து ஏஐகே கிளப்பின் கார்ல் ஆன்சேன், தியோடர் மால்ம் போன்றவர்கள். உப்சாலாவிலிருந்து ஹான்ஸ் லிண்ட்மன். மூன்று ஊர் சேர்ந்தால் ஒரு நாடு என்ற நிலைமைதான் அன்று.

என் ஓட்டு பெர்க்ஸ்ட்ரோமுக்கு. நார்வேக்கு எதிராக முதல் கோல், பிரிட்டனுக்கு எதிராக ஒரே கோல். இரண்டு நேரத்திலும் அணி பின்தங்கி நின்றது.

---

எண்ணும்எழுத்தும்

உணர்ச்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பேசுவோம்.

1908 ஒலிம்பிக்கில் ஸ்வீடனுக்கு நான்காவது இடம். பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் ஆடியது இரண்டே ஆட்டம். பிரிட்டனிடம் 12–1, வெண்கல ஆட்டத்தில் நெதர்லாந்திடம் 2–0. ஒரு வெற்றிகூட இல்லாமல், ஒரு கோல் போட்டு 14 வாங்கி நான்காவது. இதை ஒரு சாதனையாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஃபிஃபாவைத் தொடங்கிய ஏழு நாடுகளில் ஒன்று என்பதும் அப்படித்தான். 1904 மே 21 அன்று பாரிஸில் ஃபிஃபா பிறந்தபோது ஸ்வீடன் சார்பில் கையெழுத்துப் போட்டவர் லுட்விக் சூலோ, ஒரு டென்மார்க்காரர். அவர் டென்மார்க்குக்கும் சேர்த்தே போட்டார். ஸ்வீடன் கால்பந்துச் சங்கம் அமைந்ததே அந்த வருடம் டிசம்பர் 18-ல்தான்.

ரைடெலின் 49 பற்றியும் எனக்குச் சந்தேகம் உண்டு. நார்வே, டென்மார்க், ஃபின்லாந்து, எஸ்டோனியா, லாட்வியா என்று பக்கத்து வீடுகளோடுதான் அன்று பெரும்பாலும் ஆட்டம். 1927-ல் லாட்வியாவை 12–0 என்று அடித்த அணி அது. அந்தக் கணக்கை இன்றைய கணக்கோடு வைப்பது நியாயமில்லை.

---

புதுவரவு

ஒரு சின்ன சந்தேகம். பிரிட்டனிடம் அவ்வளவு மோசமாகத் தோற்ற அணி வெண்கலத்துக்கு ஆட முடிந்தது எப்படி?

---

பனிக்காலப் பந்து

புதுவரவு, அரையிறுதியில் தோற்ற பிரான்ஸ் ஆடாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டது. டென்மார்க்கிடம் அவர்கள் வாங்கியது 17–1. அந்த ஆட்டத்தில் சோஃபஸ் நீல்சன் என்ற ஒரே ஆள் பத்து கோல் அடித்தார். பிரான்ஸ் விலகிய இடத்தில் ஸ்வீடன் ஆடியது.

எண்ணும்எழுத்தும் சொன்னதற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. அந்த ஒலிம்பிக்கில் பிரான்ஸ் இரண்டு அணிகளை அனுப்பியது. இன்னொரு பிரான்ஸ் அணியும் அதே டென்மார்க்கிடம் 9–0 என்று தோற்றது. அந்த டென்மார்க்கையும் இறுதி ஆட்டத்தில் பிரிட்டன் 2–0 என்று வென்றது. அதாவது பிரிட்டன் ஒரு தளத்தில், டென்மார்க் அதற்குச் சற்றுக் கீழே, மற்ற எல்லோரும் வெகு தொலைவில். ஸ்வீடனை மட்டும் தனியாகக் குறை சொல்ல இடமே இல்லை.

பிரிட்டன் அணியை அமெச்சூர் என்று சொல்லி லேசாக எடைபோடவும் கூடாது. கேப்டன் விவியன் உட்வர்டு, இங்கிலாந்தின் முழு தேசிய அணியிலேயே பேர் போன ஃபார்வர்ட். ஹரோல்ட் ஹார்ட்மன் எவர்ட்டனோடு எஃப்ஏ கோப்பை வென்றவர். சம்பளம் வாங்கவில்லை என்பதைத் தவிர, இவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு வாராவாரம் மோதியவர்கள். அவர்களுக்கு எதிரே நின்றது, தேசிய அணியாக ஆடத் தொடங்கி மூன்றே மாதம் ஆன பிள்ளைகள்.

நான்காவது இடம் ஒரு சாதனை என்று நானும் சொல்லவில்லை. அவர்கள் அதற்கப்புறமும் ஆடினார்கள், அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆன்சேனும் கார்ல் குஸ்தாஃப்சனும் லண்டனுக்கும் போனார்கள், நான்கு வருடம் கழித்து ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலும் இருந்தார்கள்.

---

ஓரத்து ஆட்டக்காரன்

இந்த விவாதத்தில் எல்லோரும் பிரிட்டன் ஆட்டத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். எனக்கு அந்த தலைமுறையின் உண்மையான அளவுகோல் நெதர்லாந்துதான். ஒலிம்பிக் ஆட்டங்களை மட்டும் வரிசையாக எடுத்துப் பாருங்கள், தெரியும்.

1908 லண்டன். நெதர்லாந்து 2–0. ஸ்வீடனால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

1912 ஸ்டாக்ஹோம். சொந்த நாட்டில் ஒலிம்பிக், முதல் சுற்றிலேயே மறுபடி நெதர்லாந்து. ஜூன் 29. ஏஐகேவின் இவார் ஸ்வென்சன் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டார். அப்புறம் நெதர்லாந்து மூன்று போட்டு 3–1 ஆக்கிவிட்டது. பெரும்பாலான அணிகள் அங்கேயே தலையைத் தொங்கப் போட்டிருக்கும். ஐஎஃப்கே கோதன்பர்க்கின் எரிக் போர்யெசன் பெனால்டியில் ஒன்று, கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்வென்சன் இன்னொன்று, 3–3. கூடுதல் நேரம் தொடங்கிய உடனே யான் வோஸ் அடித்த கோலில் 4–3 என்று தோற்றார்கள்.

1920 ஆன்ட்வெர்ப். மீண்டும் நெதர்லாந்து, மீண்டும் கூடுதல் நேரம், இந்த முறை 5–4. யான் டெ நாட்ரிஸ் 115-வது நிமிடத்தில் முடித்துவைத்தார்.

1924 பாரிஸ். வெண்கல ஆட்டம், எதிரே யார்? அதே நெதர்லாந்து. முதல் நாள் 1–1, ஸ்வீடனின் கோல் ஏஐகேவின் பேர் கௌஃபெல்ட் போட்டது. முடிவு கிடைக்காததால் மறுநாளே மறு ஆட்டம். ரைடெல் இரண்டு, எவர்ட் லுண்ட்க்விஸ்ட் ஒன்று, 3–1. ஸ்வீடன் கால்பந்தின் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

0–2, 3–4, 4–5, பிறகு 3–1. வளர்ச்சி என்று இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் நெருங்கி, கடைசியில் தாண்டியிருக்கிறார்கள்.

என் ஓட்டு 1912-ன் இவார் ஸ்வென்சனுக்கு. தோற்ற ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவரை யாரும் நினைப்பதில்லை.

---

எண்ணும்எழுத்தும்

ஓரத்து ஆட்டக்காரன் வைத்த வரிசை பலமானது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 1912-ஐ அழகாக்கி விடாதீர்கள். நெதர்லாந்திடம் தோற்ற பிறகு ஆறுதல் சுற்றில் இத்தாலியிடமும் 1–0 என்று தோற்றார்கள். அதே போட்டியில், முந்தைய வருடம்தான் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடி ஸ்வீடனிடம் 5–2 என்று தோற்ற ஃபின்லாந்து, இத்தாலியையும் ரஷ்யாவையும் வென்று அரையிறுதி வரை போனது. ரஷ்யப் பேரரசுக்குள் இருந்துகொண்டே தனி அணியாக வந்தவர்கள் அவர்கள். போட்டியை நடத்திய நாடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் இன்னும் மோசம். 1913-ல் டென்மார்க்கிடம் 8–0, அதே வருடம் 10–0. லண்டன் முடிந்து ஐந்து வருடம் ஆன பிறகு! வளர்ச்சி நேர்கோட்டில் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

---

கோதன்பர்க்வாசி

நேர்கோடு இல்லைதான். ஆனால் 1913-க்கு அடுத்து என்ன வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

போர் வந்தது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றும் நடுநிலை. ஐரோப்பாவின் மற்ற இடங்களில் ஆட்டக்காரர்கள் பதுங்குகுழிகளில் செத்துக்கொண்டிருந்தபோது இங்கே சர்வதேச ஆட்டம் நிற்கவில்லை. வேறு யாரும் ஆட இல்லாததால் மூன்று நாடுகளும் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதின. டென்மார்க்தான் அன்று கண்டத்தின் தலைசிறந்த அணி, 1908-லும் 1912-லும் ஒலிம்பிக் வெள்ளி. அப்படிப்பட்ட அணியோடு வருடாவருடம் ஆடி அடி வாங்கியதே ஸ்வீடனுக்குக் கிடைத்த பயிற்சி. 1916-ல் டென்மார்க்கை முதல் முறையாக வென்றார்கள், 4–0. பத்து கோல் வாங்கி மூன்றே வருடம்.

1916-ல் இன்னொரு ஆட்டமும் உண்டு. ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்க அணி கப்பலேறி வந்து ஸ்டாக்ஹோமில் ஆடியது. அமெரிக்கத் தேசிய அணியின் முதல் அதிகாரபூர்வ ஆட்டமாக இன்று கணக்கில் இருப்பது அதுதான். ஸ்வீடன் 3–2 என்று தோற்றது. மன்னர் ஐந்தாம் குஸ்தாஃப் நேரில் வந்து பார்த்தார். எட்டு வருடத்துக்கு முன்னால் மூன்று ஊர் ஆட்களைக் கூட்டி அமைத்த அணியின் ஆட்டத்தைப் பார்க்க மன்னரே வந்தார் என்றால், அந்த விளையாட்டு எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

---

நடுக்களம்

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், யாராவது ஹெர்பெர்ட் கார்ல்சன் பெயரைச் சொல்வார்கள் என்று. யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஏழு கோல். அந்தப் போட்டியில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். தங்கம் வாங்கிய பெல்ஜியத்திலோ, வெள்ளி வாங்கிய ஸ்பெயினிலோ அந்த எண்ணிக்கையைத் தொட்டவர் யாரும் இல்லை. கிரீஸை 9–0 என்று வென்ற ஆட்டத்தில் அவர் மட்டும் ஐந்து. "கிரீஸ் பலவீனமான அணி" என்று சொல்வீர்கள். சரி. அடுத்த நாளே நெதர்லாந்துக்கு எதிரான 5–4 ஆட்டத்தில் இரண்டு அடித்தார். அதற்கு என்ன சொல்வீர்கள்?

அந்த 1920 அணி எனக்கு மிகவும் பிடித்த அணி. ராக்னர் விக்செல், 1912-லும் ஆடிய யூர்கோர்டன் கிளப் ஆள், கிரீஸுக்கு எதிராக அவரும் ஒரு கோல் போட்டார். கோல்கம்பத்தில் ஓர்கிரீட்டேவின் ராபர்ட் சாண்டர். முன்வரிசையில் ஆல்பின் டால். பழைய ஆளும் புது ஆளும் சரியாகக் கலந்த அணி.

ஆனால் உலகம் அந்த அணியை நினைவில் வைத்திருப்பது தோற்ற ஒரு ஆட்டத்துக்காக. செப்டம்பர் 1, ஸ்பெயினுக்கு எதிராக. டால் கோல் போட்டு ஸ்வீடன் முன்னிலை. இரண்டாம் பாதியில் ஸ்பெயினின் பெலாஸ்டே, பில்பாவோக்காரர், ஆள் மலை மாதிரி, ஸ்வீடன் டிஃபெண்டர்களையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு பந்தோடு கோலுக்குள் போனார். பிறகு அசேடோ ஒன்று அடித்து 2–1. ஸ்பெயின்காரர்கள் தங்கள் ஆட்டப் பாணிக்குச் சொல்லிக்கொள்ளும் "ஸ்பானிய ஆவேசம்" என்ற பேச்சே அந்தப் போட்டியில்தான் பிறந்தது, அதற்கு உதாரணமாக அவர்கள் சொல்வது இந்தக் கோலைத்தான். ஒரு நாட்டின் புராணத்தில் எதிராளியாக நிற்பவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை. டால், கார்ல்சன், விக்செல் என்று அந்தப் பக்கமும் ஆட்கள் இருந்தார்கள்.

கார்ல்சன் 1920-களின் நடுவில் அமெரிக்காவுக்குப் போய் அங்கிருந்த தொழில்முறை லீகில் இந்தியானா ஃப்ளோரிங் போன்ற அணிகளுக்கு ஆடினார். ஸ்வீடனில் அன்று ஆட்டத்துக்குக் காசு வாங்குவது விதிக்கு எதிரானது. அந்த அமெச்சூர் விதி 1960-களின் பிற்பகுதி வரை நீடித்தது. காசுக்கு ஆடப் போனவருக்குத் தேசிய அணியின் கதவு சாத்தப்பட்டுவிடும். பின்னாளில் குன்னர் நோர்டாலுக்கு நடந்ததும் இதுதான். 33 ஆட்டத்தில் 43 கோல் அடித்த மனிதர் 1949-ல் மிலானுக்குப் போனதோடு அவருடைய தேசிய அணிக் கணக்கு நின்றது. ரைடெலின் சாதனை அவ்வளவு காலம் நிலைத்ததற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

என் ஓட்டு கார்ல்சனுக்கு. யாரும் மாற்ற முடியாது.

---

எண்ணும்எழுத்தும்

கடைசியில் நடுக்களம் என் வாதத்துக்கே வலு சேர்க்கிறார். நோர்டால் இன்னும் ஐந்து வருடம் ஆடியிருந்தால் ரைடெல் சாதனை போயிருக்கும். ஒரு ஆட்டத்துக்கு எத்தனை என்று பார்த்தாலும் நோர்டால்தான் மேலே.

---

பனிக்காலப் பந்து

நோர்டால் ரைடெலைவிடச் சிறந்தவர் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் "பக்கத்து வீட்டு பலவீன அணிகள்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள், அது உண்மையில்லை. டென்மார்க் இரண்டு முறை ஒலிம்பிக் வெள்ளி. நார்வே 1920-ல் பிரிட்டனை 3–1 என்று வென்று வெளியே அனுப்பியது. லாட்வியா, எஸ்டோனியா வேறு கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஸ்கான்டினேவிய அண்டை நாடுகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

ரைடெலை எடைபோட வேண்டுமானால் 1924 பாரிஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வயது 19. தேசிய அணிக்கு வந்து ஒரு வருடம்தான். பயிற்சியாளர் ஹங்கேரிக்காரர் யோசெஃப் நாஜ்.

முதல் எதிராளி பெல்ஜியம். நான்கு வருடத்துக்கு முன் சொந்த மண்ணில் தங்கம் வாங்கிய நடப்பு ஒலிம்பிக் சாம்பியன். மே 29 அன்று ஸ்வீடன் அவர்களை 8–1 என்று வென்றது. ரைடெல் மூன்று, ஏஐகேவின் ருடால்ஃப் காக் மூன்று, ஹெல்சிங்போர்க்கின் சார்ல்ஸ் புரொமேசன் ஒன்று, டூரே கெல்லர் ஒன்று. ஒலிம்பிக் சாம்பியனை ஏழு கோல் வித்தியாசத்தில் வென்ற அணியைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

அடுத்து எகிப்து, 5–0. எகிப்து என்றதும் உதட்டைப் பிதுக்காதீர்கள். அதற்கு முந்தைய சுற்றில் அவர்கள் ஹங்கேரியை 3–0 என்று தோற்கடித்திருந்தார்கள். அந்த ஒலிம்பிக்கின் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று அது.

அரையிறுதியில் சுவிட்சர்லாந்து. மாக்ஸ் ஆபெக்லென் இரண்டு போட்டார், ஸ்வீடனுக்குக் காக் ஒன்று. 2–1 என்று தோல்வி. அந்த ஒரு ஆட்டத்தைத்தான் நான் இன்னும் மனதில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். அதில் வென்றிருந்தால் இறுதி ஆட்டத்தில் உருகுவேயின் ஆன்ட்ராடே, ஸ்கரோனே, பெட்ரோனே இருந்த அணியோடு ரைடெல் ஆடியிருப்பார். ஜெயித்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆடிப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் வெண்கலம், மேலே ஓரத்து ஆட்டக்காரன் எழுதியது. ரைடெலின் மொத்தக் கணக்கு ஆறு கோல். பெல்ஜியம், எகிப்து, நெதர்லாந்து. இதில் லாட்வியா எங்கே இருக்கிறது?

---

பழைய கோல்கம்பம்

எல்லோரும் கோல் போட்டவர்களையே பேசுகிறீர்கள். 1924-ல் கோல்கம்பத்தில் நின்ற ஹெல்சிங்போர்க்கின் சிக்ஃப்ரிட் லிண்ட்பெர்க் பெயரையும் ஒரு தடவையாவது சொல்லுங்கள். பெல்ஜியத்துக்கு ஒன்று, எகிப்துக்குப் பூஜ்யம், நெதர்லாந்துக்கு இரண்டு ஆட்டத்திலும் ஒவ்வொன்று. அவருக்கு முன்னால் ஆக்செல் ஆல்ஃப்ரெட்சன், அவரும் ஹெல்சிங்போர்க். இந்த அணியில் கோதன்பர்க், ஸ்டாக்ஹோம் ஆட்களுக்குச் சமமாகத் தெற்கு ஸ்கோனே பகுதி ஆட்களும் வந்துவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். நோர்ஷோப்பிங் ஊரின் ஸ்லெய்ப்னர் கிளப்பிலிருந்து கெல்லர் வந்தார். மூன்று ஊர் அணி ஒரு நாட்டின் அணியாக மாறியது என் பார்வையில் இங்கேதான். அதே வருடம் இலையுதிர்காலத்தில் அல்ஸ்வென்ஸ்கான் என்ற தேசிய லீக் தொடங்கியது தற்செயல் இல்லை.

1908-ல் பன்னிரண்டு கோல் வாங்கிய ஊவே எரிக்சனையும் யாரும் பழிக்க வேண்டாம். அன்று அவர் இடத்தில் யார் நின்றிருந்தாலும் அதே கதிதான்.

---

ஓரத்து ஆட்டக்காரன்

ருடால்ஃப் காக் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லையே. பெல்ஜியத்துக்கு எதிராக மூன்று, அரையிறுதியில் ஒன்று. ஸ்வீடனில் அவரை எல்லோரும் "புட்டே" என்றுதான் கூப்பிடுவார்கள். பாண்டி என்ற பனிக்கள விளையாட்டிலும் பேர் எடுத்தவர். அந்தக் காலத்தில் கோடைக்குக் கால்பந்து, குளிர்காலத்துக்குப் பாண்டி என்று இரண்டையும் ஆடுவது சாதாரணம்.

ஆனால் காக் செய்த பெரிய காரியம் அவர் ஆட்டத்தை நிறுத்திய பிறகுதான் வந்தது. 1940-களில் தேசிய அணியின் தேர்வுக் குழுவுக்குத் தலைவரானார். பயிற்சிக்கு இங்கிலாந்திலிருந்து ஜார்ஜ் ரெய்னர் வந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நோர்டால், கிரேன், லீட்ஹோம் ஆடிய அந்த அணி தங்கம் வாங்கியது. 1950 உலகக் கோப்பையில் மூன்றாவது இடம். தொழில்முறைக்குப் போன நட்சத்திரங்கள் எல்லோரும் இல்லாமலே 1950-ல் அதைச் செய்தார்கள்.

1924-ல் வெண்கலம் வாங்கியவர், 24 வருடம் கழித்துத் தங்கம் வாங்கிய அணியைத் தேர்ந்தெடுத்தார். பனிக்காலப் பந்து முதலில் கேட்ட கேள்விக்கு, நடுவில் யார் நடத்தினார்கள் என்ற கேள்விக்கு, இதைவிட நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்வென்சனுக்குப் போட்ட ஓட்டை மாற்றவில்லை, ஆனால் காக்குக்கு இரண்டாவது இடம்.

---

எண்ணும்எழுத்தும்

நானும் ஒரு பெயர் சொல்லிவிடுகிறேன். என் ஓட்டு காக்குக்கு, முதல் இடம். கோல் கணக்கில் ரைடெல் மேலே, ஒரே போட்டியின் கணக்கில் கார்ல்சன் மேலே. ஆனால் அடுத்த தலைமுறையைக் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்தவர் காக் ஒருவர்தான். அதுவும் ரைடெல் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். பாரிஸ் கணக்கு என் சந்தேகத்தைக் குறைத்துவிட்டது. அந்த ஆறு கோலும் தரமான எதிராளிகளுக்கு எதிராக வந்தவை.

---

கோதன்பர்க்வாசி

ரைடெலுக்கு அன்றைய ஸ்வீடன் மரியாதை செய்யாமல் இல்லை. ஸ்வென்ஸ்கா டாக்பிளாடெட் நாளிதழ் வருடாவருடம் ஒரு விளையாட்டுச் சாதனைக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கும். 1931-ல் அதை வாங்கினார், வாங்கிய முதல் கால்பந்து வீரர் அவர்தான். அப்போது அவர் ஓர்கிரீட்டேவை விட்டு, இதே ஊரின் ரெட்பெர்க்ஸ்லிட் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார்.

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு ஸ்வீடன் கால்பந்து அணியை அனுப்பியிருந்தால் அவருடைய பெயர் இன்னும் பரவியிருக்கும். 23 வயது, முழு வலிமையில் இருந்த நேரம். அனுப்பவில்லை. அந்தக் குறையை ஸ்லாட்டன் சாதனையை முறியடித்த அன்று யாராவது எழுதியிருக்கலாம்.

---

புதுவரவு

எல்லோருக்கும் நன்றி. 1924 அணியிலிருந்து உலகக் கோப்பை வரை ஆடியவர் யாராவது உண்டா? ரைடெல் 1932-லேயே நின்றுவிட்டார் என்கிறீர்கள்.

---

பழைய கோல்கம்பம்

உண்டு. டூரே கெல்லர். பாரிஸில் பெல்ஜியத்துக்கு எதிராக எட்டில் ஒன்றைப் போட்டபோது அவருக்கு 19 வயது. 1938 உலகக் கோப்பைக்கு பிரான்ஸ் போன ஸ்வீடன் அணியிலும் அவர் இருந்தார், 33 வயதில். ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கிவிட்டதால் ஸ்வீடனுக்கு முதல் சுற்று ஆடாமலே கிடைத்தது. அடுத்து கியூபாவை 8–0 என்று வென்றார்கள், அதில் கெல்லரும் ஒரு கோல் போட்டார். அரையிறுதியில் ஹங்கேரியிடம் 5–1, மூன்றாம் இட ஆட்டத்தில் பிரேசிலிடம் 4–2.

14 வருட இடைவெளியில் இரண்டு பெரிய போட்டிகள், இரண்டிலும் ஸ்வீடன் எட்டு கோல் போட்ட ஆட்டம், இரண்டிலும் அவர் பெயர் இருக்கிறது. அடுத்து கெல்லருக்குத் தனியாக ஒரு இழை தொடங்கலாம் என்று நினைக்கிறேன். ஸ்லெய்ப்னர் கிளப் 1938-ல் ஸ்வீடன் சாம்பியன் ஆனதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.